மாவட்டத்திலேயே குளுமையான பால்வாடி

உள்ள போவலாம் மேடம், போவலாம். என்ன அவசரம்? இப்பதான பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்து வழியா அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீங்க. மூஞ்சியக் கண்ணாடியில பாத்தா நீங்களே பயந்துருவீங்க, அப்பிடிச் செவந்து கெடக்கு. இந்தச் செவுத்து நெழலுல செத்த நேரம் உக்காருங்க. உச்சி வெயில் வந்தா இந்த நெழலும் போயிரும், அதுவரைக்கும் இருப்போம். ஏட்டி செல்லக்கனி! மேடத்துக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டா. உப்பு போடாத. இவதான் எங்க சமையல் ஆயா. எங்க ஊர்ல மோருக்குத் தனியா உப்பு வேண்டாம் மேடம், காத்துலயே கெடக்கு.

மரம் ஒண்ணும் இல்லையேன்னு பாக்கீங்களா? உப்பு மண்ணுல மரம் எங்க நிக்கும்? நான் இந்தப் பால்வாடிக்கு டீச்சரா வந்த புதுசுல வேம்பு வச்சேன், புங்கு வச்சேன். வாதா மரங்கூட வச்சுப் பாத்தேன். பிள்ளைகளுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துனேன். எல்லாம் ஒரு முழம் வந்து கருகிட்டு. எங்க சிப்பிவிளை ஊர்ப் பிள்ளைகளுக்கு நெழலுக்குக் குடுப்பினை இல்லைன்னு விட்டுட்டேன்.

கையில இருக்கறதுதான் அந்தப் பொட்டியா? இம்புட்டுத்தானா! சோப்பு டப்பா கணக்கால்லா இருக்கு. தானா வெக்கைய அளந்து, தானா ஆபீசுக்கு அனுப்பிருமாம்ல. சூப்பர்வைசர் மேடம் நேத்தே போன்ல சொன்னாவ. "தங்கபுஷ்பம், உங்க பால்வாடி எப்பிடி மாவட்டத்துலயே குளுமையா இருக்குன்னு பாத்து எழுதறதுக்கு ஒரு பொண்ணு வருது. அதை எழுதி மத்த மையத்துக்கெல்லாம் பாடமா அனுப்பப் போறாவ. நல்லபடியா நடந்துக்கிடுங்க, வாயைக் கொஞ்சம் அடக்குங்க"ன்னாவ. நான் என்ன வாயாடியா மேடம்? நீங்களே சொல்லுங்க. வந்ததுல இருந்து நான் ஏதாவது கூடப் பேசியிருக்கேனா?

பொட்டி வச்சிருங்க கீழ. பொறவு மாட்டலாம். மொதல்ல நான் சொல்லுததைக் கேளுங்க, எழுதறதுக்கு உங்களுக்கு வசதியா இருக்கும்.

போன வருஷம் வெயில் தொடங்கறதுக்கு முன்னாடி மீட்டிங் போட்டாவ. வருஷத்துக்கு வருஷம் வெக்கை கூடுது, கூடுனா மொதல்ல சுருண்டு விழுறது சின்னப் பிள்ளைகதான், அதனால எந்த மையம் எம்புட்டுக் கொதிக்குன்னு நம்மகிட்ட கணக்கு இருக்கணும்னாவ. ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர் குடுத்தாவ. தெனம் மத்தியானம் சோறு போடுறதுக்கு முன்னால அதைப் படம் எடுத்து போன்ல ஏத்தணும். நாப்பதுக்குக் கீழ இருந்தா மையம் பச்சை. தாண்டுனா செவப்பு. மூணு நாள் தொடர்ந்து செவப்பு காட்டுனா மையத்தை மூடிறணும். வெயில் தணியற வரைக்கும் பிள்ளைக வீட்டுல பத்திரமா இருக்கட்டும்னு சொல்லி, கையில சத்துமாவு பாக்கெட்டைக் குடுத்து அனுப்பிறணும். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லல. மொத வரிசையில உக்காந்து கை தட்டுனவ நான்.

ஆனா வீட்டுல பத்திரமாங்காவ பாத்தீங்களா, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. எங்க ஊர்ல எந்த வீட்டுல மேடம் ஆள் இருக்கு? விடியறதுக்கு முன்னாடியே ஆம்பளையும் பொம்பளையும் உப்பளத்துக்குப் போயிருதாவ. வெயில் ஏறுனா கண்ணு கூசும், கால் வெடிக்கும், அதனால இருட்டுலயே போயி மத்தியானம் கழிச்சுத்தான் திரும்புவாவ. பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைக இதுகளைத் தூக்கத்தோட இடுப்புல வச்சுக் கொண்டாந்து இங்க போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவும். இந்தப் பால்வாடி மட்டுந்தான் இந்த ஊர்ல பகல்ல தொறந்து கெடக்குற வீடு.

போன வருஷம் நானும் உள்ளது உள்ளபடிதான் ஏத்துனேன். தகரக் கூரை, ஒரே ஒரு காத்தாடி, அதும் சூட்டைத்தான் வாரி எறைக்கும். மீட்டரை நடு ரூம்ல மாட்டியிருந்தேன். நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு. செவப்பு, செவப்பு, செவப்பு. மூடுன்னாவ. மூடிட்டேன். பூட்டு போட்டு, சாவியக் கொண்டு போயி ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன்.

அதுக்குப் பொறவு நடந்ததை நீங்க பாக்கலையே. கொஞ்சம் வெவரம் தெரிஞ்ச பிள்ளைகளை வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டுப் போனாளுக. அதுவும் தகர வீடுதான், ஓலை வீடுன்னாலும் பரவாயில்ல. தெருவுல நடந்தா பூட்டுன கதவுக்குப் பின்னால இருந்து அழுவுற சத்தம் கேக்கும். நான் ஜன்னல் ஜன்னலா தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். கைப்பிள்ளைக்காரிக அளத்துக்கே தூக்கிட்டுப் போனாளுக. வரும்போது நீங்களே பாத்திருப்பீங்களே, அங்க கண்ணு காணுற தூரத்துக்கு வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரம்தான், ஒதுங்க ஒரு குச்சி நெழலு உண்டா? சங்கரேஸ்வரின்னு ஒருத்தி. புருஷன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். அவ தன் பிள்ளை மகிஷாவைத் தூக்கிட்டுப் போயி, ரெண்டு கம்பை நட்டு, சேலையக் கட்டி, அதுக்கு அடியில படுக்கவச்சிருக்கா. இவ உப்பு வாரப் போன நேரத்துல அது தத்தித் தத்தி நடந்து போயி உப்புத்தண்ணி ஓடுற வாய்க்கால்ல விழுந்துட்டு. தண்ணி எறைக்குற மோட்டாருக்காரன் மட்டும் பாக்கலைன்னா அன்னைக்கே போயிருக்கும் மேடம். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி செவந்து, தோலெல்லாம் உரிஞ்சு. தூக்கிட்டு என்கிட்டதான் ஓடி வந்தா. பூட்டுன பால்வாடி வாசல்ல நின்னு ரெண்டு பேரும் அழுதோம்.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே என் பால்வாடி செவப்பு ஆவக்கூடாது. என்ன ஆனாலும் சரி.

மோரைக் குடிங்க. ஏன் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க?

பொய் எழுதுனியான்னு கேக்காதீங்க. எனக்குப் பொய் வராது. எங்க அப்பா சர்ச்சுல மணியடிச்சவரு. அதோட, படம் எடுத்துல்லா ஏத்தணும், படத்துல எப்பிடிப் பொய் சொல்ல முடியும்? மீட்டர் என்ன காட்டுதோ அதைத்தான் ஏத்துதேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு நம்பர்கூட நான் மாத்துனது கெடையாது. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. மீட்டரை இடம் மாத்துனேன்.

உள்ள கெழக்கு மூலையில தண்ணிப் பானை இருக்கு. அந்தச் செவுத்துக்கு அந்தப்புறம் ரேஷன் கடை, அதனால வெயில் நேரா அடிக்காது. பானையச் சுத்தி ஈரச் சாக்கு கட்டியிருக்கேன். நல்ல தண்ணி லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அதுல இருந்து ஒரு செம்பு எடுத்துச் சாக்கை நனைச்சு வச்சா அந்த மூலை மட்டும் சில்லுன்னு இருக்கும். பால்வாடியத் திரும்பத் தொறந்த அன்னைக்கே மீட்டரைக் கொண்டு போயி அதுக்கு மேல ஆணியடிச்சு மாட்டுனேன். மறுநாள் பாருங்க, முப்பத்தாறு! பச்சை! செல்லக்கனி விழுந்து விழுந்து சிரிச்சா. "சிரிக்காதட்டி, மையத்துக்குள்ள மாட்டணும்னுதான சொல்லியிருக்கு, மூலை என்ன மையத்துக்கு வெளியவா இருக்கு?"ன்னு கேட்டேன்.

அன்னையில இருந்து இன்னைய வரைக்கும் எங்க பால்வாடி ஒரு நாள்கூடச் செவப்பு இல்ல. ஒரு நாள்கூட மூடல. இத்தனை பிள்ளைகளும் தெனம் சோறு தின்னுட்டு இங்கதான் தூங்குது. மாவட்டத்துல வேற யாரு செஞ்சிருக்கா சொல்லுங்க.

அதுக்குத்தான் சால்வை போத்துனாவ. பெரிய மேடை, பெரிய ஆபீசர்மாரு. "சிப்பிவிளை மையத்தைப் பாத்து எல்லாரும் கத்துக்கிடணும்"னு மைக்குல சொல்லும்போது எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. ஊதாக் கலர் சால்வை. வீட்டுல பெட்டிக்குள்ள வச்சிருக்கேன், இந்த வெக்கையில யாரு போத்துவா? ஆனா வயித்தெரிச்சலும் அன்னைக்குத்தான். அதே மேடையில கூரைக்கு அடிக்கற வெள்ளைப் பெயிண்ட்டும் ரெண்டு காத்தாடியும் ஒவ்வொரு மையத்துக்கா பேரு வாசிச்சுக் குடுத்தாவ. அந்தப் பெயிண்ட் அடிச்சா உள்ள வெக்கை பாதியாக் கொறையுமாம். யாருக்குக் குடுத்தாவ? செவப்பு மையத்துக்கெல்லாம் குடுத்தாவ. மேலக்கரை டீச்சர் மரியபாக்கியத்துக்குக் குடுத்தாவ! அவ மையத்தை எத்தனை தடவை மூடுனா தெரியுமா? அவளுக்கு என்ன, அவ ஊரு பொம்பளைக வீட்டுல உக்காந்து பீடி சுத்துறவளுக, பிள்ளைய மடியில போட்டுக்கிட்டே வேலை பாக்கலாம். மையம் மூடுனா அவளுக்கு லீவு. வாயெல்லாம் பல்லா பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டுப் போறா.

நான் மைக்குலயே கேட்டுட்டேன், எங்களுக்கும் பெயிண்ட் குடுங்கன்னு. எல்லாரும் சிரிச்சாவ. "குளுமையான மையத்துக்கு எதுக்கும்மா பெயிண்ட்டு?"ன்னாரு ஒரு ஆபீசர். பொறவு எழுதியும் போட்டேன். கணக்குப்படி உங்க மையம் கடைசியிலதான் வரும்னு பதில் வந்துது. யாரு குடுத்த கணக்கு? நான் குடுத்த கணக்கு. என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட மாதிரி ஆயிட்டு பாருங்க. ஆனா இதுல என் தப்பு என்ன இருக்கு? நல்லா நடத்துற மையத்துக்குல்லா மொதல்ல குடுக்கணும்?

என்ன சொன்னீங்க? மீட்டரை நடு ரூமுக்கு மாத்தி உண்மையக் காட்டலாமேன்னா? நல்லா இருக்கே! நேத்து முப்பத்தாறு, இன்னைக்கு நாப்பத்திமூணுன்னா என்னன்னு கேக்க மாட்டாவளா? மெமோ வரும். மெமோ வந்தாலும் வந்துட்டுப் போவுது. மூணாவது நாள் பூட்டு போடச் சொல்லுவாவளே, அதுக்கு என்ன செய்ய? பெயிண்ட் உடனே வருமா? மரியபாக்கியத்துக்கே பேரு வாசிச்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆள் வந்து அடிச்சான். இப்ப பங்குனிதான் நடக்கு. சித்திரை இருக்கு, கத்திரி வெயில் இருக்கு. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைக எங்க போவும்? செவப்புன்னா பூட்டு, பச்சைன்னா கூரை கெடையாது. எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டுது மேடம். யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிச்சிரும்போல இருக்கு. அதனால யோசிக்கறதையே விட்டுட்டேன். இருக்கற ஒரு மூலைய ஒழுங்காக் காப்பாத்துவோம்னு அதுல மட்டும் கண்ணா இருக்கேன்.

ஒழுங்குன்னு சொன்னேன் பாத்தீங்களா, அதை நீங்க அவசியம் எழுதணும். அந்த மூலை சில்லுன்னு இருக்குன்னு பிள்ளைக கண்டுபிடிச்சிட்டு. அதுகளுக்குத் தெரியாதா? எல்லாம் போயி பானையை ஒட்டிக்கிட்டுப் படுக்க ஆரம்பிச்சிட்டு. இத்தனை பிள்ளைக மூச்சும் ஒடம்புச் சூடும் பட்டா மீட்டர் சும்மா இருக்குமா? ஏறிட்டு. ஒரு நாள் மயிரிழையில தப்பிச்சேன், முப்பத்தொம்பதரை. அன்னைக்கே சாக்பீஸ எடுத்து மூலையச் சுத்தி ஒரு கோடு போட்டேன். "மக்கா, டீச்சர் படம் எடுத்து முடிக்கற வரைக்கும் யாரும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது"ன்னேன். ரெண்டு நாள் அழுதுதுக. பொறவு பழகிட்டு. இப்ப வந்து பாருங்க, அடிக்க வேண்டாம், மெரட்ட வேண்டாம். அந்த வெக்கையிலயும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையா உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் படம் எடுத்து, அது ஆபீசுக்கு ஏறுன பொறவு, "எடுத்தாச்சு!"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். ஒரே ஓட்டம்! ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, ஈரச் சாக்குல கன்னத்தை வச்சு அப்பிக்கிட்டு, ஒரு சிரிப்பு சிரிக்கும் பாருங்க, நமக்கு அந்த நாள் பட்ட பாடெல்லாம் மறந்துபோவும். எந்த நர்சரி ஸ்கூல் பிள்ளை இம்புட்டுச் சொன்ன பேச்சு கேக்கும்?

மகிஷாதான் அதுல ரொம்ப ஒழுங்கு. வாய்க்கால்ல விழுந்துதுன்னு சொன்னேனே, அதே பிள்ளைதான். இப்ப நல்லாப் பேசுது. போன வாரம் ஒரு நாள் டவர் இல்ல. படம் எடுத்துட்டேன், ஏற மாட்டேங்கு. ஜன்னல்ல நின்னு பாக்கேன், வாசல்ல நின்னு பாக்கேன், வெளிய போயி ரேஷன் கடைப் படியில ஏறி நின்னு பாக்கேன். அது ஏறாம எடுத்தாச்சுன்னு எப்பிடிச் சொல்ல? ஏறலைன்னா திரும்ப எடுக்கணும்லா? அதுக்குள்ள பிள்ளைக போயி ஒட்டிக்கிட்டா மீட்டர் எகிறிருமே. அது, "டீச்சர், போவட்டா?"ன்னுது. "இரு மக்கா"ன்னேன். மறுபடியும், "டீச்சர், போவட்டா?"ன்னுது. "கொஞ்சம் இரு தங்கம், டீச்சருக்கு டவர் வரட்டும்"னேன். பொறவு கேக்கல. சரி, தூங்கிட்டு போலன்னு நெனச்சேன். கடைசியில ஒரு வழியா படம் ஏறிட்டு. "எடுத்தாச்சு!"ன்னேன். எல்லாம் ஓடுது. இது மட்டும் எந்திரிக்கல. போயிப் பாத்தா கோட்டை ஒட்டித் தலைய வச்சு அப்பிடியே கெடக்கு. ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கு. ஆனா ஒரு விஷயம் பாருங்க மேடம், வெரல்கூடக் கோட்டைத் தாண்டல. அந்த நெலமையிலயும் தாண்டல. எம்புட்டு நல்ல பிள்ளை!

பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவல. ஒடனே சாக்கை உருவி அது மேல போத்திட்டேன். படந்தான் ஏறிட்டே, பொறவு என்ன? உப்பு ஏத்திட்டுப் போன லாரிய மறிச்சு, நானே மடியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பாட்டில் ஏத்துனாவ. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. சங்கரேஸ்வரி அளத்துல இருந்து உப்புக் கையோட ஓடி வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டா. "உங்க புண்ணியம்க்கா, அளத்துல கெடந்திருந்தா இந்நேரம் எடுத்துப் பொதைச்சிருப்பேன்"னா. அவளே சொல்லுதா! ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பவும் கொண்டாந்து விட்டுட்டா. வேற எங்க விடுவா? "ரொம்ப நேரம் வெக்கையில உக்காந்தா இனி தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா, நீங்க பாத்துக்கிடுங்க"ன்னா. நான் பாத்துக்கிடுதேன்னேன். பாக்கத்தான செய்யுதேன். கோட்டுக்குப் பக்கத்துல மொத ஆளா அதைத்தான் உக்காத்தி வச்சிருக்கேன், எடுத்தாச்சுன்னதும் மொதல்ல போயிறலாம்லா.

என்ன மேடம், எந்திரிச்சுட்டீங்க? மோரு அப்பிடியே இருக்கே. ஏன் கண்ணு கலங்கியிருக்கு? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா? இருங்க, செருப்பை இங்கன விட்டுட்டு வாங்க. குனிஞ்சு வாங்க, நெலை தாழ்வா இருக்கும்.

மக்கா, மேடத்துக்கு வணக்கம் சொல்லுங்க. பாத்தீங்களா? எப்பிடி உக்காந்திருக்குதுகன்னு பாத்தீங்களா? இதுதான் மகிஷா. எந்திரிக்காத மக்கா, உக்காந்தே சொல்லு.

அய்ய, என்ன தாயி அங்கன நிக்கீங்க? நடுச் செவுத்துலயா மாட்டப் போறீங்க? பிள்ளைக உக்காந்திருக்கற உயரத்துலதான் மாட்டணும்னு விதியா? சரி, விதின்னா விதி. மாட்டுங்க. எம்புட்டு காட்டும்னு நான் இப்பவே சொல்லிருதேன், நாப்பத்திமூணு காட்டும். நாளைக்கும் காட்டும், நாளை மறுநாளும் காட்டும். அடுத்த நாள் பூட்டோட ஆள் வரும். சங்கரேஸ்வரி எங்க போவா? நீங்க பதில் சொல்லுங்க தாயி. கம்பை நட்டுச் சேலையக் கட்டுவா. டாக்டர் வெக்கை ஆவாதுன்னு சொன்ன பிள்ளைய அந்த வெள்ளை வெயில்ல கொண்டு போயிப் போடுவா. இந்தா இவன் இருக்கானே, இவனை வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டுப் போவா இவங்க அம்மா. ராத்திரி பகலா இதையேதான் நெனச்சுக்கிட்டு கெடக்கேன், வெளங்குதா? நான் சம்பளத்துக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல. சரி, அதுவும் கொஞ்சம் உண்டு. எனக்கு மட்டும் வயிறு இல்லையா? ஆனா சத்தியமா இதுகளுக்காகத்தான்.

யாருக்குப் போன் போடுறீங்க? உங்க ஆபீசர் சாருக்கா? போடுங்க, நல்லா வெவரமாச் சொல்லுங்க. டவர் அந்த ஜன்னல்கிட்ட நின்னாத்தான் கெடைக்கும். மூடாம கூரைக்கு மட்டும் ஏதாவது வழி உண்டான்னு கேளுங்க. நான் கேட்டாத்தான் சிரிப்பாவ, நீங்க படிச்ச பிள்ளை, உங்களைப் பாத்துச் சிரிக்க மாட்டாவ. சத்தம் போடாம இருங்க மக்கா, மேடம் பேசுதாவ.

என்ன சொன்னாவ? விதிப்படி மாட்டிட்டு வான்னா? அது தெரியுது, அவரு பேசுனது இங்க வரைக்கும் கேட்டுதே. பெயிண்ட்டு? அடுத்த வருஷக் கணக்குலயா. மூடாம இருக்க? அது அவரு கையில இல்லையா. அப்போ யாரு கையில தாயி இருக்கு? ஆபீஸ்ல கேட்டா கணக்குங்காவ. கணக்கை நான் குடுக்கேன். நானும் சொல்லிப் பாத்துட்டேன், யாருக்கும் கேக்கல.

இந்தாங்க சுத்தியல். ஆணியும் இருக்கு. இனி நான் வாயைத் தொறக்கல. உங்க கையில பொட்டி இருக்கு, உங்க கண்ணு முன்னால பிள்ளைக இருக்கு. எங்க அடிக்கணும்னு தோணுதோ அங்க அடிங்க. பெத்த தாய்மாருகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்.

அங்கனயா? மூலையிலயா? பானைக்கு மேலயா தாயி?

அழாதீங்க. ஏய், மேடம் அழல மக்கா, கண்ணுல உப்புக் காத்து பட்டுட்டு. அடிங்க தாயி, தைரியமா அடிங்க, செவுரு தாங்கும். நீங்க நல்லா இருப்பீங்க. நீங்க ஒரு பாவமும் செய்யல. இத்தனை பேர் வந்து பாத்துட்டுப் போனாவ, ஒருத்தருக்கும் இந்த மனசு வரல. வரும்போதே எனக்குத் தெரியும், மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன் நான். செல்லக்கனி, ஓடிவாட்டி! மேடம் மூலையிலயே மாட்டிட்டாவ! லைட்டு எரியுது பாரு. எம்புட்டு தாயி காட்டுது? முப்பத்தாறா! அப்பாடா. ஆண்டவரே, வயித்துல பாலை வாத்தீங்க. பச்சை! இந்த வருஷம் தப்பிச்சோம்ட்டி.

இனி நான் படம் எடுக்க வேண்டாம்லா? அதே அனுப்பிருமா? ரொம்ப நல்லதாப் போச்சு. டவரைத் தேடிப் படியேற வேண்டாம், போனைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். நெனச்சாலே நிம்மதியா இருக்கு. பொட்டி மாட்டுனதுக்கான தாளுல நீங்க போட்ட கையெழுத்துக்குக் கீழ நானும் போட்டிருதேன், குடுங்க.

என்ன மக்கா? என்ன கேக்கா மகிஷா? எடுத்தாச்சான்னு கேக்குது தாயி. பாவம், நேரம் ஆயிட்டுல்லா, பழக்கம். இரு தங்கம், மேடத்துகிட்ட கேட்டுச் சொல்லுதேன். எப்ப தாயி இது அளந்து அனுப்பும்? மத்தியானந்தான? அனுப்பிட்டுன்னா சொல்லுங்க, பிள்ளைகளை விட்டிருதேன்.

எப்பவுமா? எப்பவும்னா? காலையில இருந்தா? சாயங்காலம் வரைக்குமா? நடுவுல நிறுத்தவே நிறுத்தாதா?

செத்த நேரம் அணைச்சு வைக்கலாமா? அணைச்சா ஆபீஸ்ல தெரிஞ்சிருமா. ஒரு பத்து நிமிஷம்? பிள்ளைக சாக்குல முகத்தை வச்சு எடுக்கற வரைக்கும்? ஆள் வந்து பாப்பாவளா. ஆணியப் பிடுங்குனாலும் காட்டிக் குடுத்துருமா.

இல்ல மக்கா. இன்னும் இல்ல. உக்காரு மகிஷா. எந்திரிக்காத. நீ நல்ல பிள்ளைல்லா, கோட்டுக்கு அந்தப் பக்கமே இரு.

ஏன் தாயி பையைத் தூக்குறீங்க? பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. போயிறாதீங்க, கொஞ்சம் இருங்க. அதுக எல்லாம் என் வாயையே பாக்குதுக. நான் அதுககிட்ட என்னன்னு சொல்ல?